நாற்பது பேர் குடியிருக்கும் கடை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

இங்கு நலம். உன் நலமும் உன் வீட்டார் நலமும் அறிய ஆவல். பாப்பாவுக்கு இருமல் நின்றதா? என் கால்வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை விழுங்குகிறேன், நடக்கிறேன், கடை திறக்கிறேன்.

உனக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன். ‘கேள்விப்பட்டேன்’ என்று எழுதவே கை கூசுகிறது. சுகாதாரத் துறையில் நிதிக்குத் துணை இயக்குநர் என்றால் சின்ன நாற்காலியா? அந்தச் செய்தி ஊரெல்லாம் சுற்றி, எதிரே இருக்கும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, மருந்தாளர் அம்மா வாய் வழியாகத்தான் எனக்கு வந்து சேர வேண்டுமா? “உங்க தம்பிதானே ஐயா? சொல்லவே இல்லையே!” என்றார். எனக்கே யாரும் சொல்லவில்லை என்று சொல்ல மானம் தடுத்தது. “பெருமையடிக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லம்மா” என்று சமாளித்தேன்.

போகட்டும். பக்கத்துக் கடைக்கு ஃபோன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லாதே. பேசியது காற்றோடு போய்விடும். எழுதியது நிற்கும்.

இப்போது விஷயம். ஆஸ்பத்திரி வாசலுக்கு இடது பக்கம், பழைய சலவை அறையில் எச்.ஐ.வி. சிகிச்சை மையம் நடக்கிறது, பார்த்திருப்பாய். அரசாங்கப் பணத்தில் மாத்திரை, பரிசோதனை, ஆறுதல் சொல்ல ஓர் ஆலோசகர். அடுத்த ஆண்டு அதற்குப் பணம் வராது என்று பேச்சு அடிபடுகிறது. மூடிவிட்டால் இங்குள்ளவர்கள் அரை நாள் பேருந்தில் உட்கார்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள், எங்கே போவார்கள்? இந்த நோய்க்கு மாத்திரையை விட்டால் உயிரை விட்ட மாதிரி.

நான் இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அந்த அறைக்குப் பணம் நிற்காமல் பார்த்துக்கொள்.

நீ விடுதிக்குப் போனபோது கொடுத்த கடைச் சாவி இன்னும் உன் கொத்தில் இருக்கிறதா? தொலைத்திருந்தால் சொல். வேறு வெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். பாப்பாவுக்கு இருமல் சரியாகிவிட்டது. உங்கள் கால்வலியை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. ஒரு தடவை இங்கே வந்து நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள்.

பதவி உயர்வை நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் ஊர் முந்திக்கொண்டது. மன்னியுங்கள்.

மையத்தைப் பற்றி நீங்கள் கேட்டது உண்மைதான். சில மையங்களின் நிதியை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு. எதுவும் முடிவாகவில்லை. ஆனால் கீழேயிருந்து எனக்கு வரும் காகிதங்களில் உண்மை இருப்பதில்லை. எல்லாம் ‘சிறப்பாக நடைபெறுகிறது’ என்றே வருகிறது. நீங்கள் எதிர்க் கடையில் இருப்பவர். அங்கே எப்படி நடக்கிறது, யார் வருகிறார்கள், என்ன சிரமம் என்று கண்ணால் பார்ப்பதை விரிவாக எழுதுங்கள். எனக்கு உதவியாக இருக்கும்.

சாவி பத்திரமாக இருக்கிறது. வீட்டுச் சாவிக்கும் கார் சாவிக்கும் நடுவில் தொங்குகிறது.

உங்கள்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலம் அறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. நீ என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தாயே, அதற்காகவே இன்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு எழுதுகிறேன். நீ படித்துவிட்டுப் போட்ட பள்ளிப் புத்தகங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். உனக்கு நான் எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி நீ திருப்பி அனுப்பினாய். அந்தக் கோபத்தில்தான் பிழையில்லாமல் எழுதக் கற்றேன். இதைப் படித்துவிட்டுத் திருத்து பார்க்கலாம்.

மையம் நன்றாக நடக்கிறது. மருந்தாளர் அம்மா முகம் பார்த்தே யார் சாப்பிடவில்லை, யார் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். திட்டுவார். திட்டிவிட்டு மாத்திரையை நீட்டுவார். குறை என்று சொன்னால் மின்விசிறி ஒன்றுதான். சுற்றுவதைவிடச் சத்தம் போடுவது அதிகம்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. மையத்தில் பெயர் பதிய முகவரி வேண்டும். மாதாமாதம் மாத்திரை வாங்கும் நாளைச் சொல்லி அந்த முகவரிக்குக் கடிதம் போகும், வராமல் போனால் ஆள் போகும். முத்திரை குத்திய கடிதம் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். முதலாளி நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார். அதனால் யாரோ ஒருவர் முதலில் பூட்டுக் கடை முகவரியைக் கொடுத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கடிதம் எனக்கு வரும். நான் எடுத்து வைப்பேன். பூட்டுக் கடைக்கு ஏன் போனாய் என்று உலகத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை, பார்.

தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மா ஒருவர். தகரக் கூரை, வாசலுக்குச் சாக்குத் திரை, கதவே கிடையாது. அந்த அம்மா மாதம் ஒரு தடவை வந்து, நாலு பேர் கேட்கிற மாதிரி, “என் சாவி ரெடியா அண்ணே?” என்பார். “உன் வீட்டுக்குக் கதவே இல்லையே, சாவி எதுக்கு?” என்பேன். “கதவு வர்றப்ப வரட்டும், சாவியாவது இருக்கட்டுமே” என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். அவர் பெண்ணுக்குக்கூட விஷயம் தெரியாது.

என் கடை பத்துக்குப் பத்து. அதில் நாற்பது பேர் குடியிருக்கிறார்கள், ஒருத்தரும் வாடகை தருவதில்லை! இப்படித்தான் மருந்தாளர் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பேன்.

இது உனக்காக எழுதியது. நமக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. மிகவும் பயனுள்ளதாக இருந்தது. வேலை மிகுதியால் தட்டச்சில் அனுப்புகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நிதி தொடர்பாக ஆவன செய்யப்படும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மே 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகவே இருப்பாய்.

நேற்று உன் துறையிலிருந்து மூன்று பேர் மையத்துக்கு வந்தார்கள். காலை முழுவதும் பதிவேட்டைப் புரட்டினார்கள். மத்தியானம் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தங்க விளிம்புக் கண்ணாடிக்காரர். கையில் அளவு நாடா. நான் ஓர் அலமாரிப் பூட்டைப் பிரித்துப் போட்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

“பெரியவரே, இந்தக் கடையில யார் யார் இருக்கீங்க?”

“நான் இருக்கேன். பின்னால ஒரு ரூம், அதுலதான் படுக்கை. பூட்டு ரிப்பேருக்கு வந்தீங்களா, கல்யாணத்துக்கு வரன் பாக்க வந்தீங்களா?”

உடன் வந்த பையன்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. நாடாவை நீட்டி நீளம், அகலம் அளந்தார். பிறகு என்னைப் பார்த்து, நிதானமாக, “பத்துக்குப் பத்து. இதுல நாப்பது பேர் குடியிருக்காங்க, ஒருத்தரும் வாடகை தர்றதில்ல. அப்படித்தானே?” என்றார். அப்போதுதான் சிரித்தார்.

என் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. இன்னும் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

தம்பி, என் வாக்கியத்தை எனக்குத் தெரியும். ஓர் எழுத்து மாறாமல் அந்த மனிதர் வாயிலிருந்து வந்தது. மருந்தாளர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். “நான் யார்கிட்டயும் சொல்லலய்யா, பதிவேட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது” என்றார்.

ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் மையத்துக்குப் பணம் தருகிறார்களாம். ஒரே முகவரியில் இத்தனை பெயர் இருந்தால் அது பொய்ப் பெயராம். பணத்துக்காக மையம் ஆவிகளைப் பதிந்திருக்கிறதாம்.

நான் கேட்பது ஒன்றுதான். என் கடிதத்தை அவருக்குக் காட்டினாயா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

அண்ணன்


ஜூன் 30

தம்பிக்கு,

நலம்.

பதில் இல்லை. அதுவே ஒரு பதில்தான், ஆனால் எனக்கு எழுத்தில் வேண்டும்.

உத்தரவு வந்துவிட்டது. மையத்துக்குப் பணம் நிறுத்தம். ஆலோசகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருப்பில் உள்ள மாத்திரையைச் சரியான முகவரி உள்ளவர்களுக்கு மட்டும் தர வேண்டும். பூட்டுக் கடை முகவரிக்காரர்கள் எல்லோர் பெயரையும் அடித்தாயிற்று. மாத்திரை வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரியில், முகவரிச் சான்றோடு, புதிதாகப் பதிய வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்து சரிபார்ப்பாராம்.

வீட்டுக்கு ஆள் வரக் கூடாது என்பதற்காகத்தானே இந்த முகவரியே.

இஸ்திரி அம்மா வந்தார். கூட்டம் இருந்தது. வழக்கம்போல, “என் சாவி ரெடியா அண்ணே?” என்றார். இல்லை என்றேன். “எப்ப வரட்டும்?” தெரியாது என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். “பரவாயில்ல, நமக்குத்தான் கதவு இல்லியே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோர் பெயரையும் என்று எழுதினேன், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரை மட்டும் ஏன் விட்டார்கள் என்று மருந்தாளர் அம்மாவிடம் கேட்டேன். “மேல இருந்து சொன்னாங்களாம்” என்றார். எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் நீ சொல்.

அண்ணன்


ஜூலை 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். இதைக் கையால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. குறிப்பு தயாரிக்கும்போது அதிலிருந்த தகவலைப் பயன்படுத்தினேன். முகவரிகளைச் சரிசெய்யச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன், நிதியை நிறுத்துவார்கள் என்று நினைக்கவில்லை. எப்படியும் சில மையங்களை மூடத்தான் போகிறார்கள். எதை மூடுவது என்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் இது புரியும். நான் இல்லாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார்.

உங்கள் பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். உங்களுக்கு எந்தக் குறையும் வராது.

உங்கள் கால்வலிக்கு மாத்திரை தனியாக அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதத்துக்குப் போதும். தீரும் முன்பே அடுத்தது வரும். எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம். யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

பாப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள்,
தம்பி


ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

பொட்டலம் வந்தது. பிரித்தேன்.

இது கால்வலி மாத்திரை இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருடம் நான் கால்வலி என்று எழுதினேன், நீயும் கால்வலி எப்படி என்று கேட்டாய். என் காலுக்கு ஒரு கேடும் இல்லை. எனக்கு இருப்பது எச்.ஐ.வி. உன்னிடம் சொல்லவில்லை. உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குத் தனித் தட்டு வந்துவிடுமோ என்று பயந்தேன். எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

முதலில் அந்த முகவரியைக் கொடுத்த ‘யாரோ ஒருவர்’ நான்தான். எனக்கு அது பொய் முகவரி இல்லையே. நான் இருக்கிற இடம். என் பின்னால் வரிசையில் நின்றவர் என் காதில், “அண்ணே, நானும் உங்க முகவரியவே சொல்லிக்கட்டுமா?” என்று கேட்டார். சொல்லிக்கொள் என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆக, அடிக்க வேண்டிய பெயர்களில் முதல் பெயர் என்னுடையது. அது உன் மேஜைக்கு வந்தது. உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என்ன செய்தாய்? அண்ணன் பெயரை மட்டும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மீதிப் பேரை அடித்தாய். கண்ணாடிக்காரருக்கு நாங்கள் யாரென்று தெரியாது. அவரை மன்னிப்பேன். நீ அவர்களை ஒவ்வொருவராக அறிவாய். நான்தான் எழுதினேனே! சாக்குத் திரை வரைக்கும் எழுதினேனே! சாவி கேட்டு வருவாரே, அது வரைக்கும் எழுதினேனே!

விரிவாக எழுதச் சொன்னாய். உனக்கு என் எழுத்து பிடித்திருக்கிறது என்று நினைத்த முட்டாள் நான்.

நானில்லாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார் என்கிறாய். செய்யட்டுமே. அந்த வேறொருவருக்கு நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு மாத்திரையும் குறையவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள். மையத்தில் என் பெயரையும் அடிக்கச் சொல்லிவிட்டேன். மருந்தாளர் அம்மா அழுதார். “எதுக்குய்யா இந்த வீம்பு?” என்றார். “எல்லாரும் வெளியில நிக்கறப்ப நான் மட்டும் உள்ள உக்காந்து விருந்து சாப்பிடற ஆள் இல்லம்மா” என்றேன். பழைய கையிருப்பு சில மாதத்துக்கு இருக்கிறது. அது தீர்ந்த பிறகு எல்லோருக்கும் ஆவது எனக்கும் ஆகட்டும்.

இஸ்திரி அம்மாவுக்குக் காய்ச்சல். இஸ்திரி வண்டி ஒரு வாரமாக மூடிக் கிடக்கிறது.

அண்ணன்


செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமா? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். மாத்திரை இருக்கிறதா? விட்டுவிட்டீர்களா? ஒரு வரி எழுதுங்கள், ஒரே ஒரு வரி.

அந்தக் கோப்பில் உங்கள் பெயரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்து பேனாவை எடுத்தேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

தனித் தட்டு வந்திருக்காது அண்ணா. நீங்கள் சொல்லியிருக்கலாம்.

பொட்டலத்தை மறுபடி அனுப்புகிறேன். என் மீதுள்ள கோபத்தை உங்கள் உடம்பின் மீது காட்டாதீர்கள். மற்றவர்கள் முறைப்படி சான்றோடு மனுச் செய்தால் பரிசீலிக்கலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. ஆனால் முகவரிக்குச் சான்று இல்லாமல் என்னால் எதுவும் செய்ய முடியாது. என் கை கட்டப்பட்டிருக்கிறது. நம்புங்கள்.

தம்பி


நவம்பர் 2

மதிப்பிற்குரிய துணை இயக்குநர் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரி எதிரே பூட்டுக் கடை வைத்திருப்பவன் எழுதிக்கொள்வது.

நலம் விசாரித்துத் தொடங்குவது என் வழக்கம். இது மனு என்பதால் அதை விட்டுவிட்டேன். உங்கள் இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்காமலே இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

முகவரிக்குச் சான்று இருந்தால் பரிசீலிக்க விதியில் இடமிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நன்றி. உங்கள் கடிதங்களில் எனக்குப் பயன்பட்டது அந்த ஒரு வரிதான்.

கடை என் பெயரில் இருக்கிறது. அதை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது என் இஷ்டம். ஆகவே பெயர் அடிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆளுக்கொரு பத்திரம், முறையாகக் கையெழுத்தாகி, இத்துடன் இருக்கிறது. மாதம் ஒரு தடவை கடைக்கு வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதுதான் வாடகை. பத்திரம் எழுதுகிறவர், “இதென்னங்க வாடகை?” என்று சண்டைக்கு வந்தார். வாடகை பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். தேடினார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

இனி யாராவது நாடாவோடு வந்தால் அளந்துகொள்ளட்டும். பத்துக்குப் பத்தில் நாற்பது பேர் குடியிருக்கக் கூடாது என்று விதி இருந்தால் அதையும் எழுத்தில் தரட்டும். எங்களில் பலர் அதைவிட நெருக்கமான இடத்திலிருந்துதான் வந்திருக்கிறோம்.

குடியிருப்பவர் கையில் சாவி இருக்க வேண்டும். அதனால் ஆளுக்கொரு சாவி வெட்டிக் கொடுத்தேன். பழைய பூட்டு இத்தனை பேர் கை படுவதைத் தாங்காது என்று கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டேன். உங்கள் கொத்தில் வீட்டுச் சாவிக்கும் கார் சாவிக்கும் நடுவில் இருப்பது இனி இந்தக் கதவைத் திறக்காது. பாரம் குறைய வேண்டுமென்றால் கழற்றிவிடலாம்.

மனுவில் என் பெயரும் இருக்கிறது. கடைசியில் சேர்த்திருக்கிறேன். தனியாக எடுத்து ஓரமாக வைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் போடுங்கள், அடித்தால் எல்லோரையும் அடியுங்கள். என் கையிருப்பு இந்த மாதத்தோடு தீர்கிறது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நீங்கள் கேட்ட ஒரு வரி அது.

பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள்.

ஒரு பத்திரத்தில் மட்டும் கையெழுத்து இருக்காது. இஸ்திரி அம்மா போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அங்கே அவரை அரை நாள் பேருந்தில் நான்தான் கூட்டிப் போனேன். மையத்தின் மாத்திரை நின்றதிலிருந்து அவர் எதுவும் விழுங்கவில்லை என்று அந்தப் பயணத்தில்தான் சொன்னார். நுரையீரலில் காசநோய் ஏறிவிட்டது என்றார்கள். அவர் பெண் என்னிடம் வந்து, “அம்மா மாசாமாசம் உங்க கடைக்கு எதுக்கு மாமா வந்துச்சு?” என்று கேட்டாள். சாவி வெட்ட என்றேன்.

எல்லோரும் அவரவர் சாவியை வாங்கிப் போய்விட்டார்கள். அவருடையது மட்டும் ஆணியில் தொங்குகிறது. நேற்று மருந்தாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஒண்ணு மிச்சம் இருக்கே ஐயா, தம்பிக்கு அனுப்பிடலாமே?” என்றார்.

“அது மிச்சம் இல்லம்மா. அதுக்கு ஆள் இருக்கு” என்றேன்.

இப்படிக்கு,
பூட்டுக் கடைக்காரன்